புறப்பட்ட இடத்துக்கே வந்த வயர்

“இன்னியோட இந்த வீட்டுல வட்டம் சுத்துறது முடிஞ்சுது!”

ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்தின் நடுவில் நின்று அவர் இப்படி அறிவித்தார். ஒரு கையில் ஸ்க்ரூடிரைவர். இன்னொரு கையில் இன்னொரு ஸ்க்ரூடிரைவர். காலடியில் பிரிக்காத அட்டைப்பெட்டிகள்.

வட்டம் என்று அவர் சொன்னது கம்ப்யூட்டர் திரையில் சுற்றுகிற வட்டத்தை. அந்த வீட்டில் எதைத் திறந்தாலும் முதலில் அதுதான் வரும். பல நாள் அது மட்டும்தான் வரும்.

“முடிஞ்சா சரி,” என்றாள் மனைவி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். “எதை எங்கேர்ந்து கழட்டுறீங்கன்னு ஞாபகம் வச்சுக்கோங்க. போன தடவை மிக்ஸியைப் பிரிச்சப்ப ஒரு ஸ்க்ரூ மிஞ்சிப்போச்சு.”

“ஏன், மிக்ஸி ஓடலையா?”

“ஓடுது. நிக்கத்தான் மாட்டேங்குது.”

இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை அவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவர். கடையில் எல்லோரும் அவரை ‘மேகம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு லென்ஸைத் துடைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாரென்றால் அதன் வழியாகவே எங்கோ போய்விடுவார். கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தவர் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பார். முதலாளி கை தட்டிக் கூப்பிட்ட பிறகுதான் மேகம் தரையிறங்கும்.

வீட்டில் அவருக்கு மாடி அறை. சின்ன அறைதான், ஒரு நாற்காலி, ஒரு மேஜை, மேஜை மேல் கம்ப்யூட்டர். ஆனால் ஜன்னல் பெரிசு. அந்தப் பக்கம் தெரு கிடையாது, வீடு கிடையாது, வெறும் வானம். சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் “கொஞ்சம் வேலை இருக்கு” என்று மாடியேறுவார். வேலை என்பது ஜன்னல் கட்டையில் இரண்டு காலையும் போட்டுக்கொண்டு, வெளிச்சம் மஞ்சளாகி, சிவந்து, ஊதாவாகிக் கரைவதைப் பார்ப்பது. கம்ப்யூட்டரைப் போட்டு வைப்பது சாட்சிக்கு. அந்த நேரத்தில் அவரைவிடச் சந்தோஷமான மனிதர் உலகத்தில் கிடையாது. அந்த ஜன்னல் மட்டும் இல்லாவிட்டால் மறுநாள் காலையில் தன்னால் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு கடைக்குப் போகவே முடியாது என்று மனதார நம்பினார்.

மனைவி பகலில் தூங்குவது கீழே, தெருப்பக்க அறையில். ஊரில் ஓடும் பஸ்ஸெல்லாம் சரியாக அந்த அறைக்கு வெளியேதான் பிரேக் போடும். “அந்த மாடி ரூம்ல நான் படுத்துக்கட்டுமா?” என்று அவ்வப்போது கேட்பாள். “பார்க்கலாம்” என்பார். அவர் அகராதியில் பார்க்கலாம் என்றால், ஜன்னல் வழியாக வேறு எதையாவது பார்க்கலாம் என்று அர்த்தம்.

சரி, அட்டைப்பெட்டிக்கு வருவோம். பழைய ரவுட்டரைக் கழற்றிவிட்டு, நாலு பக்கமும் கொம்பு முளைத்த புதியதைக் கூடத்து மேஜையில் வைத்தார். மேஜைக்கு அடியில், தரையில், ஸ்விட்ச் என்கிற சின்னப் பெட்டி. பெயர்தான் ஸ்விட்ச், தட்டினால் எதுவும் எரியாது. ரவுட்டரிலிருந்து வருகிற நெட்டை வாங்கி, வயர் வயராகப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. மாடிக் கம்ப்யூட்டருக்கு ஒரு வயர், டிவிக்கு ஒரு வயர், பிரிண்டருக்கு ஒரு வயர். ஒவ்வொன்றாகச் செருகினார். எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு வயர் முனை மட்டும் மேஜை ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

வேறு யாராவது என்றால் அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்திருப்பார்கள். இவர் அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். எல்லாருக்கும் இடம் கிடைத்துவிட்டது, இது ஒன்று மட்டும் அந்தரத்தில் ஆடுகிறதே! ஸ்விட்சில் ஒரு ஓட்டை காலியாக இருந்தது. செருகிவிட்டார்.

உடனே ஸ்விட்சில் இருந்த விளக்கெல்லாம் ஒரே நேரத்தில் துடிக்க ஆரம்பித்தது. பச்சை, பச்சை, பச்சை. அப்படி ஓர் ஆட்டத்தை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. ஜன்னல் திரையை இழுத்துக் கூடத்தை இருட்டாக்கிவிட்டு, தரையில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். உலகத்தின் சேதியெல்லாம் கடல் தாண்டி, மலை தாண்டி, தன் வீட்டுக்குள் ஓடி வருகிறது என்று நினைத்தார். புல்லரித்தது.

பிறகு மாடிக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டார். வட்டம் சுற்றியது. நேற்று வரை சுற்றி முடித்து எதையாவது காட்டிய வட்டம், இன்று சுற்றுவதையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டுவிட்டது.

“என்ன, பறக்குதா?” கீழேயிருந்து மனைவி.

“ஓடுபாதையில இருக்கு!”

எல்லாவற்றையும் அணைத்துப் போட்டார். போட்டு அணைத்தார். ரவுட்டரோடு வாங்கிக் கம்ப்யூட்டருக்குள் மாட்டியிருந்த நெட்வொர்க் கார்டைக் கழற்றி ஊதி மாட்டினார். கையேட்டைப் படித்தார். அது பல பாஷைகளில் இருந்தது. எந்த பாஷையிலும் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. கடைசியில் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தத் தெரு ஒரு பள்ளத்தில் இருந்தது. செல்போன் சிக்னல் வாசல் கேட் வரைக்கும்தான் வரும், வீட்டுக்குள் வராது. அதனால் அவர் பேசியது கேட்டில், பெட்டி இருந்தது கூடத்தில்.

“சார், ஸ்விட்ச்ல விளக்கு எரியுதா?”

“இருங்க.” ஓடினார். திரும்பி ஓடி வந்தார். “எரியுது. ரொம்ப அழகா எரியுது.”

“அழகா எரியுதான்னு கேக்கல சார். நிதானமா எரியுதா, துடிக்குதா?”

“இருங்க.” மறுபடி ஓடினார். அங்கே விளக்குகள் ஆடிக்கொண்டிருந்தன. ஒரு நிமிஷம் நின்று பார்த்தால் என்ன என்று தோன்றியது. கேட்டுக்குத் திரும்பியபோது லைன் எப்போதோ கட்டாகியிருந்தது.

அடுத்து வந்த நாட்களில் அவர் வயரை மாற்றிப் பார்த்தார், ரவுட்டரை இடம் மாற்றிப் பார்த்தார், கொம்பைத் திருகிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு விடுமுறை நாள் மத்தியானம் களைத்துப்போய், கூடத்து மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டார். வெளியே தூறல். திரை வழியாக வந்த வெளிச்சம் தண்ணீருக்குள் இருப்பது போல அசைந்தது. கைக்கு ஒரு வயர் அகப்பட்டது. சும்மா அதை விரலால் தடவிக்கொண்டே போனார். கண் பாதி மூடியிருந்தது. ஏதோ ஓர் ஆற்றங்கரையில் நடந்து போகிறார். மேஜைக் கால் ஒரு திருப்பம், அலமாரிப் பின்புறம் ஒரு காடு, காட்டைத் தாண்டி ஒரு வளைவு, வளைந்து, வளைந்து...

ஆறு புறப்பட்ட பெட்டிக்கே வந்து சேர்ந்தது.

சட்டென்று எழுந்தார். மேஜை மண்டையில் இடித்தது. இரண்டு முனையும் ஒரே ஸ்விட்சில்! அவர் பரிதாபப்பட்டுச் செருகிய வயரின் மறுமுனையும் அங்கேதான் இருந்தது. ஒரு முனையில் போன சேதி மறுமுனையில் திரும்பி, மறுபடி போய், மறுபடி திரும்பி, வழி முழுக்கத் தானே நிரம்பிவிட்டது. வேறு எந்தச் சேதிக்கும் இடமில்லை. கல்யாணத்தன்று யாரோ சொன்ன ஒரு வார்த்தையை வருஷக்கணக்காகத் திருப்பித் திருப்பிப் பேசுகிற வீட்டில் வேறு பேச்சுக்கு எங்கே இடம் இருக்கும்?

முனையைப் பிடித்து இழுத்தார். விளக்குகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மரியாதையாகச் சிமிட்டின. அடுப்படியில் மனைவியின் போன் டிங், டிங், டிங் என்று சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டியது.

“அட, நெட் வந்துடுச்சா?” அங்கிருந்தே குரல் வந்தது. “நல்லதாப் போச்சு. இனி தம்பியை வரச் சொல்லிடலாம்.”

மேஜைக்கு அடியில் அவர் அசையாமல் கிடந்தார். “எந்தத் தம்பி?”

“எனக்கு எத்தனை தம்பி இருக்கான்? வீட்டுலேர்ந்தே வேலை பாருன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்களாம். கொஞ்ச மாசம் நம்மகூட இருக்கட்டுமே. நெட் நல்லா இருந்தா போதும் அவனுக்கு. மாடி ரூம் அளவெடுத்த மாதிரி இருக்கும்.”

மச்சான் நல்ல பையன்தான். அவர் மறுக்கவில்லை. ஆனால் பேச ஆரம்பித்தால் முதலில் சிரிப்பு வரும், பின்னால்தான் விஷயம் வரும். அந்தச் சிரிப்பில் கண்ணாடி டம்ளர் அதிரும். போன தடவை வந்தபோது துவைத்த சாக்ஸையெல்லாம் மாடி ஜன்னலில் வரிசையாகக் காயப் போட்டான். அவன் இருந்தவரை வானம் தெரியவில்லை. சாக்ஸ்தான் தெரிந்தது.

கை தானாகப் போய் வயரைத் திரும்பச் செருகியது.

“போயிடுச்சு,” என்றார்.

“எது?”

“நெட்டு. சும்மா ஒரு விக்கல் மாதிரி வந்துச்சு. போயிடுச்சு.”

மனைவி கரண்டியோடு வந்து குனிந்து, மேஜைக்கு அடியில் இருந்த முகத்தைப் பார்த்தாள். காய்ச்சலே இல்லாமல் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுக்கிறவர்களை வார்டில் எத்தனையோ பேரைப் பார்த்தவள். “ஐயோ பாவம்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நெட்டைத்தான் சொல்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் அவருக்குத் தேன். சாயங்காலம் வந்ததும் ஸ்விட்ச் முன்னால் உட்கார்ந்து, ஸ்க்ரூடிரைவரால் இரண்டு தட்டு தட்டி, “ம்ஹும்” என்று தலையாட்டுவார்.

“என்ன கோளாறுன்னு தெரிஞ்சுதா?”

“சிக்கலான கேஸ். அவசரப்பட்டா உள்ளதும் போயிடும்.”

“போறதுக்கு உள்ளது என்ன இருக்கு?”

“அதைத்தான் யோசிக்கணும்,” என்று மாடியேறிவிடுவார். நெட் இல்லாத வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. ஜன்னலில் மேகம் மெல்ல நகர்ந்தது. ஒன்று கப்பல், ஒன்று படுத்த யானை, ஒன்று எதுவுமே இல்லை. அந்த எதுவுமே இல்லாததுதான் அவருக்கு ரொம்பப் பிடித்தது.

மாடிப்படித் திருப்பத்தில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதிலிருந்து வாசல் தெரியும். டியூட்டிக்குக் கிளம்புமுன் மனைவி தினமும் கேட்டில் நின்று போனைக் காதில் வைத்துப் பேசுவதை அவர் அங்கிருந்து பார்ப்பார். காற்றில் தலைமுடி பறக்கும். மஞ்சள் வெளிச்சம் கன்னத்தில் விழும். சிரிப்பாள், கையை ஆட்டுவாள், காலால் ஒரு சருகை நகர்த்துவாள். அவள் இவ்வளவு அழகு என்பதை எப்போது மறந்தோம் என்று யோசித்தார். இப்படிப்பட்டவளையா ஏமாற்றுகிறோம்? உடனே போய் வயரைப் பிடுங்கிவிடலாம் என்று இரண்டு படி இறங்கினார். சாக்ஸ் ஞாபகம் வந்தது. ஏறிவிட்டார்.

ஒருநாள் கேட்டிலிருந்து திரும்பியவள் நேராக அவரிடம் வந்தாள்.

“தம்பிகிட்ட சொன்னேன். துடிச்சுப் போயிட்டான்.”

“எதுக்கு?”

“அவன் தொழிலே நெட்வொர்க்தானே. ஊர்ல இருக்கிற கம்பெனிக்கெல்லாம் சரி பண்ணிக் கொடுக்கிறேன், எங்க அக்கா வீட்டுல நெட் இல்லைன்னா எனக்கு அசிங்கம் இல்லையாங்கிறான். சனிக்கிழமை பெட்டியோட வரானாம். சரியாகுற வரைக்கும் நகர மாட்டானாம்.”

“பெட்டின்னா... டூல்ஸ் பெட்டியா, துணிப் பெட்டியா?”

“ரெண்டும்.”

அவள் அடுப்படிப் பக்கம் திரும்பியதுதான் தாமதம், அவர் பாய்ந்து வயரைப் பிடுங்கினார். டிங், டிங், டிங் என்றது போன்.

“சரியாயிடுச்சு!” என்று கத்தினார். “கண்டுபிடிச்சுட்டேன்! அவனுக்கு எதுக்கு வீண் அலைச்சல்? வர வேண்டாம்னு சொல்லிடு!”

மனைவி போனைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். “கெட்டிக்காரர்தான் நீங்க. ஆனா ஏன் வர வேண்டாம்? நெட் இல்லேன்னா ரிப்பேர் பண்ணிட்டுப் போயிடுவான். இப்பதான் வந்துடுச்சே, தாராளமா தங்கி வேலை பார்க்கட்டும்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நெட் இல்லாவிட்டால் ரிப்பேருக்கு வருவான். இருந்தால் குடியிருக்க வருவான். எந்தப் பக்கம் போனாலும் பாதை மச்சானிடமே போய் முடிந்தது. மாடி ஜன்னல் கண்முன் வந்தது. அதில் ஒவ்வொன்றாக சாக்ஸ் முளைத்தது.

அப்போதுதான் மேகத்தில் மின்னல் வெட்டியது.

“அந்த ரூம் காலி இல்லை,” என்றார்.

“யார் இருக்கா?”

“நீ இருக்கே! பகல்ல தூங்க முடியாம தவிக்கிறியே, அது என் கண்ணுல படாதா? அந்த ரூம் இனி உனக்குத்தான்.”

சொல்லும்போதே தன் புத்திசாலித்தனத்தை நினைத்து அவருக்கே கண் கலங்கியது. பகலில் அவள் தூங்குவாள். அப்போது அவர் கடையில். சாயங்காலம் அவள் டியூட்டிக்குப் போவாள். அப்போது ஜன்னல் அவருக்கு. மச்சான் அவுட். ஒரு நஷ்டமும் இல்லை.

“வேண்டாங்க,” என்றாள் அவள். “உங்க ரூமாச்சே.”

“என்ன என் ரூம், உன் ரூம்!”

“தம்பி கோவிச்சுக்குவானே.”

“நான் சொல்லிக்கிறேன்.”

“அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?”

“சத்தியமா மாட்டேன்.”

“வெளிப்பக்கம் வெறும் தாழ்ப்பாள்தான் இருக்கு. மருந்து மாத்திரையெல்லாம் வச்சிருப்பேன். டியூட்டிக்குப் போறப்ப ஒரு பூட்டுப் போட்டுக்கட்டுமா?”

“ரெண்டா போட்டுக்கோ!” என்றார் அவர், வெற்றி மயக்கத்தில். சொன்ன பிறகு எங்கோ ஏதோ இடித்தது. என்னவென்று பிடிபடவில்லை.

அவள் யோசித்தாள். பெரிய மனசு பண்ணிச் சம்மதித்தாள். சம்மதித்ததும் வேலை மளமளவென்று நடந்தது. மெத்தை மேலே ஏறியது. நாற்காலியும் மேஜையும் கம்ப்யூட்டரும் கீழே இறங்கின. அலமாரியிலிருந்து கருநீலத் திரை ஒன்றை எடுத்து வந்து மாடி ஜன்னலில் மாட்டினாள். இம்மி பிசகாமல் பொருந்தியது.

“எப்படி இவ்வளவு சரியா இருக்கு?” என்று ஆச்சரியப்பட்டார்.

“அதிர்ஷ்டம்தான்,” என்றாள்.

மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்தார். கூடத்தில் கம்ப்யூட்டரைப் போட்டார். வட்டம் சுற்றவே இல்லை, நெட் பறந்தது. தானே எல்லாவற்றையும் சாதித்தது போல ஒரு நிறைவு. அந்த நேரம் பார்த்து வீடியோ அழைப்பு வந்தது. முதலில் சிரிப்பு, பின்னால் மச்சான்.

“மாமா! என்ன மாமா, இத்தனை நாளா ஆளையே காணோம்? நெட் போச்சா? அக்காவும் ஒரு போன்கூடப் பண்ணல!”

“அதெல்லாம் சரியாப் போச்சுப்பா. நானே சரி பண்ணிட்டேன். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத. சனிக்கிழமை கிளம்ப வேண்டாம்.”

“எங்க மாமா?”

“இங்கதான். தங்கி வேலை பார்க்க.”

“நான் எதுக்கு மாமா அங்க வரேன்? இங்கயே புது வீடு எடுத்துட்டேன்னு அக்காவுக்கு அப்பவே மெசேஜ் போட்டேனே. அக்கா சொல்லலையா?” கண்ணாடி டம்ளர் அதிர்ந்தது.

அவர் மெதுவாக மாடியேறினார். கதவைத் தட்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். கருநீலத் திரை ஓரமாக ஒதுங்கியிருந்தது. மனைவி தலையணையில் சாய்ந்து, ஜன்னல் கட்டையில் இரண்டு காலையும் போட்டுக்கொண்டிருந்தாள். முகம் முழுக்கச் சிவந்த வெளிச்சம்.

“டியூட்டிக்குப் போகல?”

“இந்த வாரத்துலேர்ந்து பகல் டியூட்டி. கேட்டு வாங்கிட்டேன். சாயங்காலம் பூரா இனி வீட்டுலதான்.” அவள் வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அந்த மேகத்தைப் பாருங்களேன். எதைப் போலயும் இல்லாம எவ்வளவு நல்லா இருக்கு!”

“உன் தம்பி வரேன்னே சொல்லலையாமே?”

“வர வேண்டாம்னுதானே நீங்களும் சொன்னீங்க? வரல. எல்லாருக்கும் சந்தோஷம்.”

“அப்ப தினமும் கேட்டுல நின்னு யார்கிட்ட அப்படிப் பேசிட்டு இருந்தே?”

“யார்கிட்டயும் இல்லை.” இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். சிரித்தாள். “உங்க விக்கல் வந்த அன்னிக்கே எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. நீங்களும் படி ஜன்னல்ல நின்னு அவ்வளவு ஆசையா பார்த்துட்டு இருந்தீங்க. சும்மா நின்னா நல்லாவா இருக்கும்?”

அவருக்குக் கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. அந்த வெளிச்சத்தில் அவளைப் பார்த்தபடி வாசற்படியிலேயே நின்றார். பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. நகர்ந்துகொள்ளச் சொல்வாள் என்று நினைத்து ஒரு கால் எடுத்து வைத்தார்.

“போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க,” என்றாள்.